எழுதாத ஆண்டுகள்: புலம்பெயர்ந்தவர் புனைகதையாளராகும் வழி

(செஞ்சியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். மேடையில் சொன்ன கிளைச்செய்திகள் சில இங்கே குறைக்கப்பட்டுள்ளன.)



ஊரைவிட்டுப் போனவர் எப்படிக் கதை எழுத வருகிறார் என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இதைப் பேசச் செஞ்சியைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. கோன்கள் எழுப்பிய கோட்டையை நாயக்கர்கள் பெருக்கிக் கட்டினார்கள். 1649இல் பீஜப்பூர்ப் படை பிடித்தது. 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். தெலுங்கு, மராத்தி, பாரசீகம், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று ஒவ்வொரு காலத்திலும் ஒரு புதிய மொழி இந்த மலைமேல் ஏறி இறங்கியிருக்கிறது.

ராஜா தேசிங்கு புந்தேலர் குலத்தவர். அவர் தந்தை சொரூப்சிங் முகலாயரின் அதிகாரியாகச் செஞ்சிக்கு வந்தவர். தேசிங்கு இங்கே ஓராண்டுகூட ஆளவில்லை. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு பொருது இளம் வயதிலேயே மாண்டார். அவ்வளவு குறுகிய காலம் இருந்து போனவரைத் தமிழ்நாடு மறக்கவில்லை. அவருடைய குதிரையையும் நண்பன் மகமத்கானையும் நம் கதைப்பாட்டுக்காரர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். வெளியூர்க்காரர் ஒருவரை இந்த மண்ணின் மைந்தர் ஆக்கியது கதைதான்.

வந்தவர்களைப் போலவே போனவர்களும் உண்டு. பழைய தென்னார்க்காடு மாவட்டம் 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கப்பலேறிய மாவட்டங்களில் முக்கியமானது. புதுச்சேரி, காரைக்கால் வழியாக ரீயூனியனுக்கும், சென்னை வழியாக மொரீசியசுக்கும், 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நாட்டாலுக்கும் போனார்கள். நாட்டால் கப்பல் பதிவேடுகளில் அவர்களுடைய பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடம்பில் இருந்த தழும்பு எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. அவர்களைப் பற்றி அதிகாரிகள் எழுதினார்கள். தங்களைப் பற்றி அவர்கள் எழுதிவைத்தது மிகக் குறைவு. நம் மொழியில் புலம்பெயர்ந்தவரே பேனாவை எடுத்து நாவல் எழுதியது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான்.

அப்படி எழுதியவர்களைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லும் விளக்கம் ஒன்று இருக்கிறது. ஊர் ஏக்கம் தாங்காமல் எழுதினார் என்கிறோம். நான் அதை ஏற்பதில்லை. ஏக்கம் யாருக்கும் உண்டு. ஏங்கியவர் எல்லாரும் நாவலாசிரியர் ஆகிவிடவில்லை. புலம்பெயர்ந்தவரைப் புனைகதையாளர் ஆக்குவது, போன இடத்தில் அவர் எழுதாமல் கழித்த நெடிய ஆண்டுகள். அந்த ஆண்டுகளை வீணாய்ப் போனவை என்று நாம் தள்ளிவிடுகிறோம். அவற்றில்தான் அவருடைய கல்வி நடந்தது என்பது என் வாதம். அதை ஐந்து பகுதிகளாகச் சொல்கிறேன்.

1. காலக் கணக்கு

முதலில் ஆண்டுகளைப் பார்த்துவிடுவோம். ப. சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938இல் சுமத்ரா தீவின் மேடான் நகருக்குப் போனார். போர் முடிந்து 1946இல் திரும்பினார். ‘கடலுக்கு அப்பால்’ நூலாக வந்தது 1959இல். ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல். அந்த நாவலில் வரும் போர்க்காலம் முடிந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

யாழ்ப்பாணம் கொக்குவிலில் பிறந்த அ. முத்துலிங்கத்தின் முதல் சிறுகதைத் தொகுதி ‘அக்கா’ 1964இல் வந்தது. பேராசிரியர் கைலாசபதி முன்னுரை எழுதிய நூல் அது. அடுத்த தொகுதி ‘திகடசக்கரம்’ 1995இல். இடையில் முப்பத்தொரு ஆண்டுகள். கணக்காளராக ஆப்பிரிக்காவுக்குப் போய், பிறகு ஐ.நா. பணிகளில் நாடு நாடாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. ‘திகடசக்கரம்’ வந்தபின் நின்றாரா என்றால் இல்லை. 1996இல் ‘வம்சவிருத்தி’, 1998இல் ‘வடக்கு வீதி’ என்று தொடர்ந்து எழுதினார்.

அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி சிறுவயதிலேயே ஆயுத இயக்கத்தில் சேர்ந்து, விலகி, தாய்லாந்தில் சில காலம் இருந்து, 1993இல் பிரான்சை அடைந்தார். முதல் நாவல் ‘கொரில்லா’ 2001இல். நம் விழுப்புரம் மாவட்டம் கொழுவாரி கிராமத்தில் பிறந்த நாகரத்தினம் கிருஷ்ணா 1980களில் பிரான்சில் குடியேறியவர். ‘நீலக்கடல்’ 2005இல் வந்தது. மன்னாரிலிருந்து 1990இல் படகேறித் தமிழ்நாட்டு முகாமுக்கு வந்த தொ. பத்தினாதன் ‘போரின் மறுபக்கம்’ என்ற தன்வரலாற்றை 2007இல் வெளியிட்டார். ‘அந்தரம்’ என்ற நாவலை எழுத அவருக்கு இன்னும் காலம் பிடித்தது.

பிழைப்புக்கே நேரம் போதவில்லை, அதனால் தாமதம் என்று சிலர் சொல்லலாம். அது முழு உண்மை ஆகாது. முத்துலிங்கம் பெரிய பதவியில் இருந்தவர். கையில் வசதி இருந்தது. ஷோபாசக்தி ஓய்வில்லாத வேலைகளுக்கு நடுவில்தான் எழுதினார். நேரம் ஒன்றே காரணமாக இருந்தால் இந்த இருவருடைய வாழ்க்கையும் வேறு வேறு விதமாக அமைந்திருக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். கவிதை இப்படிக் காத்திருக்கவில்லை. புலம்பெயர்ந்த ஈழத்தவர் போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே கையெழுத்துப் பிரதிகளிலும் சிற்றிதழ்களிலும் கவிதை எழுதத் தொடங்கிவிட்டார்கள். தன் நெஞ்சில் பட்டதைச் சொல்லக் கவிதைக்கு ஓர் ஆள் போதும். நாவலுக்குப் பல ஆட்கள் வேண்டும். பக்கத்து அறைக்காரன், முதலாளி, வாடகைக்கு விட்டவர், ஒரே வேலையில் உடன் நின்ற வேற்றுநாட்டான் ஆகிய இவர்களையெல்லாம் அறிய ஆண்டுகள் ஆகும். தன்னையே அவர்களில் ஒருவனாக வெளியே நின்று பார்க்க இன்னும் அதிகம் ஆகும்.

2. வேலை கற்றுக்கொடுத்தது

சிங்காரம் மேடானில் தமிழர் வட்டிக்கடையில் வேலை பார்த்தார். அந்தத் தொழிலின் அமைப்பை இன்றைய மாணவர்களுக்குச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பர்மா, மலேயா, சுமத்ரா எங்கும் செட்டிநாட்டாரும் அவர்களைச் சுற்றியிருந்த ஊர்க்காரர்களும் நடத்திய லேவாதேவிக் கடைகள் ‘கிட்டங்கி’ என்ற நீண்ட கூடங்களில் இருந்தன. ஒரே கூடத்தில் பல கடைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, ஒரு பேரேடு. ஊரிலிருந்து போகும் பையன் பெட்டியடிப் பையனாகத் தொடங்குவான். பெட்டியடியில் உட்கார்ந்து வரவு செலவு எழுதுவான், கடிதம் படியெடுப்பான், எடுபிடி வேலை செய்வான். பிறகு அடுத்தாள் ஆவான். கைசுத்தமும் சாமர்த்தியமும் இருந்தால் முதலாளிக்காக முழுக்கடையையும் நடத்தும் மேலாள் ஆவான். மூன்று ஆண்டுக் கணக்கு முடிந்ததும் ஊருக்குத் திரும்பி வருவான், அந்த இடைவெளியில் கல்யாணம் நடக்கும், மறுபடியும் கப்பல்.

இந்தத் தொழில் ஒரு பையனுக்கு என்ன கற்றுக்கொடுக்கும்? கடன் கேட்டு எதிரில் நிற்பவன் சீனனா, மலாய்க்காரனா, புகையிலைத் தோட்டத் தமிழனா என்று பார்க்க வேண்டும். அவன் சொல்வதில் எவ்வளவு மெய் என்று எடைபோட வேண்டும். வசூலுக்குப் போகும்போது அவன் வீட்டின் நிலையைக் கண்ணால் அளக்க வேண்டும். பல மொழிகளில் பேரம் பேச வேண்டும். மனிதனை அவன் பேச்சாலும் நடையாலும் உடையாலும் படிப்பது அந்தக் கடையின் அன்றாட வேலை. நாவலாசிரியனின் வேலையும் அதுவே.

அதனால்தான் ‘கடலுக்கு அப்பால்’ நாவலின் துயரம் அவ்வளவு திட்டமாக நிற்கிறது. செல்லையா இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து சண்டைக்குப் போய்த் திரும்புகிறான். வட்டிக்கடை முதலாளியின் மகள் மரகதத்துக்கும் அவனுக்கும் காதல். துப்பாக்கி பிடித்தவன் இனிப் பெட்டியடிக்கு ஆகமாட்டான் என்பது முதலாளியின் தீர்ப்பு. அந்தப் பெரியவர் கொடியவர் இல்லை. தொழிலின் கணக்கில் அவர் சொல்வது நியாயம். அந்த நியாயம் இரண்டு பேருடைய வாழ்க்கையை முறிக்கிறது. வட்டிக்கடைக்கு உள்ளே இருந்து வளர்ந்தவரால்தான் அந்த நியாயத்தை இவ்வளவு பரிவோடு எழுத முடியும். வெளியிலிருந்து எழுதியிருந்தால் அவரை வில்லனாக்கியிருப்பார்கள்.

‘புயலிலே ஒரு தோணி’ அதைவிடப் பெரிய உலகம். 1942 மார்ச்சில் ஜப்பானியர் வட சுமத்ராவில் இறங்குகிறார்கள். டச்சு ஆட்சி கலைகிறது. ஒரு நோட்டு செல்லாமல் போய் இன்னொரு நோட்டு வருகிறது. அதுவும் பிறகு வெறும் காகிதமாகிறது. அரசுகள் மாறுவதைப் போர்க்கதைகள் பீரங்கியால் காட்டும். சிங்காரம் சரக்கின் விலையிலும் பணத்தின் மதிப்பிலும் சேர்த்துக் காட்டுகிறார். இந்த நாவல் தமிழில் தனித்து நிற்பதற்கு அதன் நடை ஒரு காரணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சந்தையையும் கடலையும் போரையும் ஒரே கண்ணால் பார்த்த அனுபவம் அதற்கு இணையான காரணம் என்று நான் சொல்கிறேன்.

சொந்த வாழ்வில் அவர் இழந்தது பெரிது. மனைவியும் குழந்தையும் பிரசவத்தின்போது அந்நாட்டிலேயே இறந்தார்கள். திரும்பி வந்தவர் மதுரையில் ‘தினத்தந்தி’யில் 1947 முதல் 1987 வரை வேலை பார்த்தார், ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனியாக வாழ்ந்தார். 1997இல் மறைந்தார். அந்த இழப்பை நேரடியாக எழுதிப் படிப்பவரின் கண்ணீரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தத் துக்கத்தை எல்லாருடைய துக்கமாகவும் பரப்பி எழுதும் அளவுக்கு அவர் காத்திருந்தார்.

முத்துலிங்கத்திடம் இதையே வேறு விதத்தில் பார்க்கிறேன். தணிக்கைக்காரரின் கண் அவருடையது. எந்த ஊரில் வேலை பார்த்தாலும் அங்கே ஒரு பொருள் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, கணக்கில் எங்கே இடிக்கிறது என்று பார்த்துப் பழகிய கண். சியரா லியோனும் பாகிஸ்தானும் சோமாலியாவும் அவருடைய கதைகளில் வேடிக்கை பார்க்கும் ஊர்களாக வருவதில்லை. வீட்டுவேலைக்கு வந்த பெண்ணும் அலுவலகக் காவலாளியும் ஓட்டுநரும் வாழும் ஊர்களாக வருகின்றன. ‘அக்கா’ தொகுதியின் இளைஞர் கொக்குவிலை எழுதினார். முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து வந்தவருக்கு எந்த ஊரும் எழுதக்கூடிய ஊராகிவிட்டது.

ஜோசப் கான்ராட்டை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. போலந்துக்காரர், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கப்பல்களில் கழித்துவிட்டு, 1895இல் முதல் நாவலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதன் களம் போர்னியோ. சிங்காரம் நடமாடிய அதே கிழக்குக் கடல்கள். கான்ராட் மொழியையும் மாற்றிக்கொண்டார். நம்மவர்கள் தமிழிலேயே நின்றார்கள். அதனால் அவர்களுடைய வாசகர்கள் எப்போதும் தொலைவிலேயே இருந்தார்கள்.

3. வாக்குமூலத்திலிருந்து நாவலுக்கு

அகதியாகப் போனவருக்கு இன்னொரு பள்ளிக்கூடம் காத்திருக்கிறது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாட்டில் தஞ்சம் கேட்பவர் தன் உயிருக்கு ஆபத்து இருந்தது என்று நிறுவ வேண்டும். பிரான்சில் அதற்கென்று 1952இல் ஒரு தனி அலுவலகமே ஏற்படுத்தினார்கள். அங்கே போகும் முன் ‘கேஸ்’ எழுத வேண்டும். எந்தத் தேதியில் பிடித்தார்கள், எந்த முகாமில் வைத்தார்கள், எத்தனை பேர் அடித்தார்கள், எப்படித் தப்பினாய்? எல்லாவற்றுக்கும் வரிசையாகப் பதில் வேண்டும். எழுத்தில் சொன்னதும் நேரில் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். ஒரு தேதி பிசகினால் மறுப்புக் கடிதம் வரும். புலம்பெயர்ந்தோர் நடுவில் அடுத்தவருக்குக் கேஸ் எழுதிக் கொடுப்பவர்களே இருந்தார்கள்.

இதன் கொடுமையை எண்ணிப் பாருங்கள். உண்மையிலேயே துன்பப்பட்டவனின் நினைவு தேதி வரிசையில் இருப்பதில்லை. அவனுக்கு ஞாபகம் இருப்பது ஒரு நாற்றம், ஒரு குரல், பாதியில் விட்டு ஓடிய சாப்பாடு. அதிகாரிக்கு அவை வேண்டாம். தன் வாழ்க்கையைத் தானே வேறு ஒருவன் கதைபோல் கோத்துச் சொல்லும் கட்டாயத்துக்கு அவன் ஆளாகிறான். சொல்லிவிட்டு வெளியே வந்தால், சொல்லாமல் விட்டதுதான் தன் வாழ்க்கை என்று அவனுக்குத் தெரியும்.

ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ பிரெஞ்சு அரசுக்கு எழுதிய அகதி விண்ணப்பத்தின் வடிவில் தொடங்குகிறது. அங்கிருந்து நாவல் குஞ்சன்வயல் கிராமத்துக்கும் நாயகன் ரொக்கிராஜின் வீட்டுக்கும் ஊர்ச்சண்டியரான தகப்பனுக்கும் போகிறது. விண்ணப்பத்துக்குள் அடங்காத அத்தனையும் உள்ளே வருகின்றன. இராணுவத்தின் கொடுமையும் வருகிறது, இயக்கத்தின் கொடுமையும் வருகிறது, குடும்பத்துக்குள் நடந்த வன்முறையும் வருகிறது. எந்த அலுவலகத்திலும் எந்த மேடையிலும் ஒருசேரச் சொல்ல முடியாதவை இவை. ஒரு தரப்பைச் சொன்னால் மறுதரப்புக்குத் துரோகி. அவருடைய ‘ம்’ நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு இட்ட பெயரே ‘துரோகி’ என்று பொருள்படுவதுதான். புனைவு அவருக்குக் கொடுத்தது ஒளிந்துகொள்ளும் இடம் என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. ஒரே ஆளின் வாக்குமூலத்தில் இடம் கிடைக்காதவர்களுக்கு இடம் கொடுக்க நாவல் ஒன்றே அவரிடம் இருந்தது.

அவருடைய வேலைகளையும் சொல்ல வேண்டும். உணவகங்களில் கோப்பை கழுவியிருக்கிறார், சமைத்திருக்கிறார், தெரு கூட்டியிருக்கிறார், கடைகளில் சரக்கு அடுக்கியிருக்கிறார். 2015இல் அவர் தலைமைப் பாத்திரத்தில் நடித்த ‘தீபன்’ படம் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்றபோது உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அதே ஆண்டில்தான் ‘பாக்ஸ் கதைப்புத்தகம்’ வந்தது. போருக்குப் பிந்தைய வன்னிக் கிராமத்தை அவர் பாரிசில் இருந்துகொண்டு எழுதினார். கண்ணால் பார்க்காததை எழுதலாமா என்று கேட்டவர்களும் உண்டு. இருபதாண்டுகளுக்கு மேல் அகதிகளின் வாய்மொழியைக் கேட்டுக்கொண்டே இருந்தவருக்கு அந்த உரிமை இருக்கிறது என்பது என் தீர்மானம்.

4. தனித்துவிடப்பட்ட தமிழ்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஊரில் இருக்கும் எழுத்தாளரைச் சுற்றித் தமிழ் நாள்தோறும் மாறிக்கொண்டிருக்கிறது. வெளியே போனவரின் தமிழ், அவர் கிளம்பிய ஆண்டின் தமிழாக நின்றுவிடுகிறது. அதை அப்படியே வைத்து எழுதினால் பழமை நெடி வீசும். அதை உரசிக் கூர்மையாக்க வேறொரு மொழியோடு நாள்தோறும் மல்லுக்கட்ட வேண்டும்.

நாகரத்தினம் கிருஷ்ணா மொழிபெயர்ப்பின் வழியாக அதைச் செய்தார். மார்கெரித் துராசின் ‘காதலன்’, லெ கிளேசியோவின் ‘குற்ற விசாரணை’ ஆகியவை அவர் வழியாகத் தமிழுக்கு வந்தன. தேர்வைப் பாருங்கள். துராஸ் 1914இல் வியட்நாமில் சைகோன் அருகே பிறந்து பிரான்சுக்குப் போனவர். லெ கிளேசியோ, மொரீசியசில் குடியேறிய பிரெஞ்சுக் குடும்பத்தின் வழிவந்தவர். 2008இல் நோபல் பரிசு பெற்றார். இரண்டு பேருமே பிரான்சை வெளியிலிருந்தும் பார்க்கத் தெரிந்தவர்கள். ‘நீலக்கடல்’ 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து மொரீசியசுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் நாவல். லெ கிளேசியோவின் முன்னோர் எந்தத் தீவில் நிலம் வைத்திருந்தார்களோ அந்தத் தீவின் கூலிகளும் கைவினைஞர்களும் தமிழ் நாவலில் பேசுகிறார்கள். பிரெஞ்சில் படித்த பயிற்சியும் பிரெஞ்சு ஆவணங்களைத் தேடிய உழைப்பும் இல்லாமல் அந்த நாவல் நமக்குக் கிடைத்திருக்காது.

5. ஸ்ட்ராஸ்பூரிலிருந்து தெரிந்த செஞ்சி

இப்போது உங்கள் ஊருக்கு வருகிறேன். நாகரத்தினம் கிருஷ்ணாவின் ‘கிருஷ்ணப்ப நாயக்கர் கௌமுதி’ செஞ்சி நாயக்க மன்னரின் காலத்தை எடுத்துக்கொண்ட நாவல். அதன் ஆசிரியர் இந்த மாவட்டத்தில் பிறந்தவர். செஞ்சிக் கோட்டை அவருக்குச் சிறுவயதிலிருந்தே எட்டும் தூரத்தில் இருந்தது. ஆனாலும் அவர் செஞ்சியை எழுதியது பிரான்சின் கிழக்கு எல்லையில், ஸ்ட்ராஸ்பூரில் பல ஆண்டுகள் வாழ்ந்த பிறகு.

ஸ்ட்ராஸ்பூர் எப்படிப்பட்ட ஊர்? 1871இல் ஜெர்மனியிடம் போனது. முதல் உலகப்போர் முடிந்ததும் பிரான்சுக்குத் திரும்பியது. 1940இல் மறுபடி ஜெர்மனி. 1944 இறுதியில் மறுபடி பிரான்ஸ். அங்கே நீண்ட ஆயுளோடு வாழ்ந்த ஒருவர் தம் வீட்டைவிட்டு நகராமலே நான்கு முறை நாடு மாறியிருப்பார். தெருவின் பெயரும் பள்ளிக்கூடத்தின் மொழியும் ஒவ்வொரு முறையும் மாறின. செஞ்சியில் 1649 முதல் 1761 வரை நடந்தது இதுவே. கோட்டையில் கொடி மாறும்போது கோட்டைக்குக் கீழே உழுதவர், நெய்தவர், குயவர், வரி கட்டியவர் எல்லாரும் அங்கேயேதான் இருந்தார்கள். இந்த ஒப்புமையை அவர் எங்கும் சொன்னதாக நான் கூறவில்லை. நாவலை வைத்துக்கொண்டு யோசித்தபோது எனக்குத் தோன்றியது. எல்லைப்புற நகரத்தில் வாழ்ந்தவருக்குக் கோட்டையைவிடக் கோட்டைக்குக் கீழே இருப்பவர்கள் முக்கியமாகப் பட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இன்னொரு செய்தி. கிருஷ்ணப்ப நாயக்கரின் செஞ்சியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் விரிவான நேரடிச் சாட்சி ஓர் அயல்நாட்டார் எழுதியது. இயேசு சபையைச் சேர்ந்த நிக்கோலஸ் பிமெந்தா 1597இல் இங்கு வந்தார். லிஸ்பன் ஒன்றைத் தவிரப் போர்ச்சுக்கல்லின் எந்த நகரத்தைவிடவும் செஞ்சி பெரியது என்று அவர் வியந்து எழுதினார். சிதம்பரத்தில் பெருமாள் சன்னதித் திருப்பணியை நாயக்கர் மேற்கொண்டபோது அதை எதிர்த்துக் கோயில் குருக்கள்மார் கோபுரத்திலிருந்து குதித்து உயிர்விட்டதையும் அவரே எழுதுகிறார். அயலார் கண்ணில் பட்ட செஞ்சியும் சிதம்பரமும் அந்தக் கடிதங்களில் இருக்கின்றன. நமக்குள்ளே பிறந்து அயல்நாட்டில் வாழும் ஒருவர் அந்தப் பதிவுகளின் உலகத்தை எடுத்து நாவலாக்குகிறார். பிமெந்தாவுக்கு அது வேற்று மதத்தாரின் வெறி. ஊர்க்காரராக மட்டுமே இருந்தால் ஒரு பக்கம் சாய வேண்டிய சைவ வைணவச் சண்டை. இரண்டு பக்கத்தையும் பார்க்கும் தூரம் புலம்பெயர்ந்தவருக்கு வாழ்க்கையே அமைத்துக் கொடுத்தது.

இந்தத் தூரம் இப்போது நமக்கு மிகவும் தேவை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ ‘மராத்தியர் படைநிலப்பரப்பு’ என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றே. மகிழ்ச்சியான செய்தி, நானும் மகிழ்ந்தேன். இனி வரும் பயணிகள் மராத்தியரின் செஞ்சியைத் தேடி வருவார்கள். சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கிருந்து எட்டாண்டுகள் முற்றுகையைத் தாங்கிய கதையை வழிகாட்டிகள் சொல்வார்கள். நாயக்கரின் கல்யாண மகாலையும் சாதத்துல்லா கான் மசூதியையும் மேல்சித்தாமூர் சமண மடத்தையும் திருநாதர்குன்றின் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களையும் யார் சொல்வார்கள்? இங்கிருந்து பிரெஞ்சுக்காரர் பெயர்த்துக் கொண்டுபோன தூண்கள் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன என்பது அங்கே மாலையில் உலாவப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இவற்றையெல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவர அறிவிப்புப் பலகையால் ஆகாது. நாவலால் ஆகும்.

அவையோரே, நான் சொன்ன எழுத்தாளர்கள் எல்லாரும் வெளியே போனவர்கள். அதே எழுதாத ஆண்டுகளை நம் நடுவிலேயே வாழ்ந்துகொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த மாவட்டத்தின் மரக்காணம் வட்டத்தில் கீழ்ப்புத்துப்பட்டு முகாம் இருக்கிறது. 2021 முதல் அரசு இவற்றை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று அழைக்கிறது. அங்கே வளரும் பிள்ளைகளில் பலர் தமிழ்நாட்டிலேயே பிறந்தவர்கள், இலங்கையைப் பார்த்ததில்லை, இந்தியக் குடியுரிமையும் கிடைக்கவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையிலிருந்து வந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பத்தினாதனைப் போன்றவர்கள் தாங்களாகவே வழி தேடிக்கொண்டு எழுதினார்கள். அடுத்தவரும் அப்படியே தேடிக்கொள்ளட்டும் என்று நாம் இருந்துவிடக் கூடாது. செங்கல் சூளைகளிலும் கட்டட வேலைகளிலும் ஒடியாவும் இந்தியும் பேசுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஒருநாள் தமிழில் நாவல் எழுதுவார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். முதலாவது, இந்த ஆண்டுத் தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, இன்று நான் பேர் சொன்ன நூல்களையெல்லாம் வாங்கிச் செஞ்சி நூலகத்துக்கும் கீழ்ப்புத்துப்பட்டு முகாமின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கும் கொடுங்கள். ‘புயலிலே ஒரு தோணி’யில் இரண்டு படிகள் வாங்குங்கள், ஒன்று எப்போதும் யார் கையிலாவது இருக்கும். இரண்டாவது, அடுத்த ஆண்டு இந்த மேடைக்கு என்னைப் போன்ற ஆய்வாளர் ஒருவரை அழைப்பதற்குப் பதில், முகாமில் வளர்ந்த இளைஞர் ஒருவரை அழையுங்கள். அவர் எழுதியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேண்டாம். பேசட்டும்; நாம் கேட்போம்.